ஆண்டவருக்கு நெய்த வேட்டி

ஓய்வுநாள் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருத்தி தலைப் பேனை இன்னொருத்திக்குப் பங்கு வைத்த கிழவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் கண் தெரிகிறதோ எனக்குத் தெரியாது. தெரியாதவர்கள் மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் தூங்கிவிடாதீர்கள்.

எழுதச் சொன்னது நம் புதுப் போதகர். என் கடைசிப் பேரனைவிடச் சின்னப் பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த வருகைக் காலத்துக்குச் சபை மலர் போடுகிறார்களாம். தலைப்பு, 'மகிழ்ச்சியோடு ஆயத்தமாவோம்.' பேனர்கூட அடித்தாகிவிட்டது. "ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதுங்கம்மா, சந்தோஷமா இருக்கட்டும், கசப்பா ஒன்னும் வேணாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆண்டவர் வருகைக்கு மகிழ்ச்சியோடு ஆயத்தமாவது என்றால் என்ன என்று எனக்கா சொல்லித் தருகிறார்? கேக் ஆர்டர் கொடுப்பதும், சீரியல் பல்பு மாட்டுவதும், ஒரே மாதிரிச் சட்டை போட்டு போட்டோ எடுப்பதும் ஆயத்தமா? எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஆயத்தமானோம் பாருங்கள். அந்த மகிழ்ச்சியில் வீடே நாசமாகப் போகப் பார்த்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நூலைத் தாராகச் சுற்றுகிற ராட்டைதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆனால் இன்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பட்டுப் புடவை எடுக்க வேண்டும் என்று சொன்னால், ஆட்டோக்காரன் வேறு பேச்சில்லாமல் என் கடை வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறான். கைத்தறியும் வைத்திருக்கிறேன், விசைத்தறியும் வைத்திருக்கிறேன். மூன்றாவது மாடிக்குப் போக லிப்ட் வைத்த முதல் கடை என்னுடையது. காலேஜில் படித்த மருமகன் என்னைக் கேட்காமல் ஒரு பண்டில் பட்டு வாங்குவதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், அதனால் என்ன? துணி விஷயத்தில் நான் சொல்வதை நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஏனென்றால் இது ஒரு துணியின் கதை.

அப்போது எங்கள் தெருவில் வேதக்காரர்கள் வீடு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அம்மன் கும்பிடுகிற நெசவுக்காரர் வீடுகள். எல்லா வீட்டிலும் கூடத்தில் தறிக்குழி. விடிந்தால் தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு வீட்டில் சத்தம் நின்றால், யாருக்கோ காய்ச்சல், இல்லாவிட்டால் சாவு என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் நைனா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை களம்பூரில் அரிசி மில்லில் வேலை செய்கிறவர். பக்கத்தில் போனால் தவிட்டு வாசனை அடிக்கும். வருகைக் காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால் தை மாதத்தில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில், "நெய்ற வூட்டுக்கு நாங்க பொடவ எடுத்தாந்தா சிரிப்பாங்க. பொண்ணுக்குப் பொடவ நீங்களே நெஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வேதக்காரப் பெண்ணுக்கு மணப்புடவை வெள்ளை அல்லவா? நைனா அதற்காக நல்ல வெண்பட்டும் ஜரிகையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். அக்கா தினமும் பெட்டியைத் திறந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள். திறந்தால் வரும் அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பட்டுக்குப் புழு வாசனை உண்டு. வேப்பிலையோடு சேர்ந்தால் அது பிரசவ வீட்டு வாசனை மாதிரி இருக்கும்.

வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு உபதேசியார் வந்தார். ஞாபகம் இருக்கிறதா, தேவிகாபுரம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாரே, மழையில் பைபிளை வயிற்றில் வைத்து வேட்டியால் கட்டிக்கொண்டு? அவர்தான். மனுஷன் ஒரே பிரசங்கத்தை நாலு ஊரில் சொல்வார். அன்றைக்குச் சொன்னார்: "பிறந்த பாலகனையே எத்தன வருஷம் பாத்துக்கினு இருப்பீங்க? அவர் திரும்பி வர்றாரு. அழுதுகினு காத்திருக்காதீங்க. கல்யாண வூட்டுல மாப்பிள்ள வர்றாருன்னா எப்டி ஆயத்தமாவீங்க? அந்த மாதிரி சந்தோஷமா ஆயத்தமாவுங்க!"

மற்ற ஊர்களில் இதைக் கேட்டவர்கள் ஆமென் சொல்லிவிட்டுப் போய்ச் சோறு தின்றிருப்பார்கள். எங்கள் நைனா அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவரிடம் ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்வார். நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி 'இந்தச் சிவப்பு' என்று சொன்னால் அந்தச் சிவப்புத்தான், ஒரு இழை மாறாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்ததும் அம்மாவிடம் சொன்னார்.

"மாப்பிள்ள வர்றாரு. வூட்ட வெள்ளையடிக்கணும்."

"தை மாசம்தானே வர்றாரு?" என்றாள் அம்மா.

"நா சொல்றது ஆண்டவர."

கார்த்திகை மழையில் எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா? அடித்தார். சுவரில் பாதி நின்றது, பாதி தெருவில் ஓடியது. பக்கத்து வீட்டு மாமா வீட்டுக் கோழியெல்லாம் காலில் வெள்ளை பூசிக்கொண்டு திரிந்தன. மூங்கிலில் நட்சத்திரம் கட்டிக் கலர் காகிதம் ஒட்டி வாசலில் தொங்கவிட்டார். காகிதம் நனைந்து கிழிந்து, மறுநாள் மூங்கில் எலும்புதான் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி ஒட்டினார். ஒவ்வொரு காலையும் ஒட்டினார், பாடிக்கொண்டே. நைனாவுக்குச் சுருதி என்பதே கிடையாது. ஆனால் மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

அப்புறம் நாற்காலி. மாப்பிள்ளை வந்தால் உட்கார வைக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் பாயைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மாமாவிடம் பிரம்பு பின்னிய கை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. நைனா போய்க் கேட்டு வாங்கி வந்து, வாசலைப் பார்த்துப் போட்டு, துண்டால் துடைத்து, "யாரும் ஒக்காரக் கூடாது" என்றார். நான் உட்கார்ந்தேன். அறை விழுந்தது.

இதெல்லாம் போகட்டும். ஒரு காலை அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் பட்டு வேட்டி கொடுப்பது வழக்கமா இல்லையா? வழக்கம்தான். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் ஆண்டவர் வந்து நிற்கும்போது கையில் ஒரு வேட்டிகூட இல்லாமல் நிற்க முடியுமா? முடியாதாம். அதனால் அக்காவுடைய வெண்பட்டில் ஆண்டவருக்கு வேட்டி.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "அது பொண்ணுக்கு வெச்சது."

"அவர் வந்துட்டா கண்ணாலம் ஏது, பொடவ ஏது? அவர்தான் மொதல்ல."

"வரலன்னா?"

நைனா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி. "வருவாரு" என்றார்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அவளே பட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நான் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன்.

"உனுக்கு ரோஷமே இல்லியா? சண்ட போட மாட்டியா?"

"எதுக்குடி? அவர் நெஜமாவே வந்துட்டா எனுக்கு இன்னாத்துக்குப் பொடவ? வரலன்னா நைனா எங்க போயிடுவாரு, குடுப்பாரு. நீ பேஜார் பண்ணாம அந்த சாம்பல எடு."

இப்படிப் பேசுகிறவளிடம் யார் என்ன செய்ய முடியும்?

மழை விட்ட ஒரு விடியற்காலையில் பாவு நூலைத் தெருவில் நீட்டினோம். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சீர் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வீட்டு ஆள் போதாது. யார் வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து கை கொடுக்கும். அன்றும் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்கள் வாய் சும்மா இருக்குமா?

"வேதக்காரர் சாமிக்கு வேட்டியாம்பா! எட்டு முழமா, பத்து முழமா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

நைனாவின் கை நின்றது. அதை அவர் யோசிக்கவில்லை. எந்த நெசவாளியும் அளவு தெரியாமல் பாவு போட மாட்டான். அவர் முகம் சுருங்கிப்போனது.

"உங்க ஆண்டவரு இன்னா ஒசரம் மாப்ள? உபதேசியார கேட்டியா?"

"அவர் மேகத்து மேல வர்றவரு. ஒசரமாத்தான் இருப்பாரு" என்றார் நைனா.

"அப்ப சின்ன ஆளுங்க வேட்டி முட்டிக்கு மேல நிக்குமேடா!"

தெருவே சிரித்தது. எனக்கு மானம் போனது. அம்மாதான் சிரிக்கவில்லை. பாவின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கற பாவு முழுக்க நெய்ங்க. கொறச்சி நெஞ்சிட்டு அப்புறம் பத்தலன்னு நிக்கக் கூடாது இல்ல? மீந்தா மடிச்சிக் கட்டிக்குவாரு."

நைனாவுக்கு மூச்சு வந்தது. "அதான் செரி" என்றார்.

கரை விஷயத்திலும் அப்படித்தான். வேட்டிக்கு ஒல்லியாக ஜரிகைக் கரை போட இருந்தார். அம்மா சொன்னாள்: "ராஜாவுக்கெல்லாம் ராஜான்னு பாடறீங்க. முதலாளி மவன் கட்ற வேட்டி மாதிரி ரெண்டு வெரல் கரையா போடுவீங்க? நல்லா அகலமா போடுங்க." போட்டார். பாதி நெய்து வந்தபோது மறுபடி வந்து நின்றாள்: "மேல தோள்ல போட்டுக்கறதுக்கு ஒரு தலைப்பு வேணாமா? ஜரிகதான் இருக்குதே."

அம்மாவுக்கு அந்த வருஷம் பக்தி முற்றிப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். நைனாவாவது ஒரு மடங்கு, இவள் மூன்று மடங்கு என்று அவள்மேல் எனக்கு வெறுப்பே வந்தது. எனக்குப் புத்தி வரக் கடை வைக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளரை வாய் திறக்காமல் தான் நினைத்த புடவைக்குக் கொண்டுவரும் வித்தை என்னுடையது என்று இத்தனை காலம் பீற்றிக்கொண்டிருந்தேன். அது அம்மா போட்ட பிச்சை.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாமா எங்கள் தறியில் குனிந்து பார்த்தார். அகலக் கரை, தலைப்பு ஆரம்பம், நடுவில் பால் மாதிரி வெள்ளை.

"இன்னா மாப்ள, உங்க ஆண்டவரு பொடவ கட்டுவாரா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், மாமா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நைனா தலையைத் தூக்கவில்லை. "அவருக்குத் தகுந்தது அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு தறியின் நூல் ஓடத்தைத் தள்ளினார்.

அந்த வருஷம் யாருக்கும் புதுத்துணி இல்லை. என் பாவாடையைக் கீழ்மடிப்புப் பிரித்துவிட்டுத் துவைத்துக் கொடுத்தார்கள். முறுக்குச் சுட்டார்கள், ஆனால் அவர் வந்த பிறகுதான் தொட வேண்டும் என்று டப்பாவில் போட்டு மூடினார்கள். எறும்புக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. பாதியை அது தின்றது.

கிறிஸ்துமஸ் விடிந்தது. ஆராதனை முடிந்து ஓடிவந்தோம். தறியில் வேலை முடிந்து, நெய்த துணி, அதைச் சுற்றுகிற படமரத்தில் அப்படியே நின்றது. நாற்காலிக்குச் சாமந்தி மாலை. நைனா குளித்து, தன் பழைய வேட்டியில், வாசலைப் பார்த்து நின்றார். மழைத் தூறல். வாசலில் காலடிச் சத்தம். எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை மறைக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டு மாமா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நனைந்த காலோடு நேராக வந்து, மாலையை நகர்த்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கத்திவிட்டேன். "அதுல ஒக்காரக் கூடாது!"

"இன்னாடி இது? என் நாற்காலில நானே ஒக்காரக் கூடாதா? பண்டிகன்னு பாக்க வந்தேன்" என்றவர், நைனா நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு எழப் போனார். நைனா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மாவைப் பார்த்து, "முறுக்கு எடுத்தா" என்றார். எறும்பு தின்றது போக மிச்சத்தை மாமா தின்றார். இருட்டும் வரை வேறு யாரும் வரவில்லை.

சரி, அதோடு முடிந்தது, இனி அறுத்து அக்காவுக்குக் கொடுப்பார் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் நைனா சொன்னார்: "இது அவருக்கு நெஞ்சது. அவர் வர்ற வரைக்கும் அறுக்க மாட்டேன்."

உங்களுக்குத் தெரியும், பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நெய்த துணியை அறுத்து இறக்கினால்தான் அடுத்த பாவு ஏறும். அறுக்காத துணி தறியில் நின்றால் தறி நின்றது. தறி நின்றால் வீடு நின்றது. முதலாளி கொடுத்தனுப்பிய சிவப்புப் பாவு மூட்டையாக மூலையில் கிடந்தது. நைனா வெறும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவெல்லாம் தறிச் சத்தம். எங்கள் வீடு மட்டும் ஊமை. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, "வூட்டுல யாருக்கு இன்னா?" என்று கேட்டார்கள்.

உபதேசியாருக்கு ஆள் விட்டாள் அம்மா. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, சுண்ணாம்புச் சுவரையும் மாலை வாடிய நாற்காலியையும் தறியில் இருந்த துணியையும் பார்த்தார். மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

"ஐயோ, நா சொன்னது உவமானம்! மனச ஆயத்தப்படுத்தச் சொன்னேன்."

"உவமானம்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லீங்க?" என்றாள் அம்மா.

அவர் நைனாவிடம் ஏதேதோ சொன்னார். வேளை, காலம், பொறுமை. நைனா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நாள் தெரியாது, திடீர்னுதான் வருவார்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கே வந்துட்டா?" என்று கேட்டார். உபதேசியார் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு ஜல்தியாகக் கிளம்பிப் போனார்.

மாமாவும் வந்து பார்த்தார். "நாங்களுந்தான் அம்மனுக்கு நெய்றோம் மாப்ள. அறுத்து சாத்தறோம். தறியிலயே கெடக்கற துணி சாமிக்கும் இல்ல, மனுஷனுக்கும் இல்ல." நைனா அசையவில்லை.

பொங்கல் வந்தது. சபையில் அக்காவின் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. களம்பூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்து, "பொடவ ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத் தறியை எட்டிப் பார்த்தாள். "அடேங்கப்பா, மவராசி மாதிரி இருப்பாளே!" என்று சந்தோஷமாகப் போனாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அக்கா அன்றைக்குத்தான் அழுதாள். கொல்லையில், சத்தமில்லாமல், சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அம்மா பார்த்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கூழ் குடித்தபின் அம்மா அருவாமணைப் பக்கத்திலிருந்த கத்தியை எடுத்துக் கழுவித் துடைத்துக்கொண்டு தறிக்கு வந்தாள்.

"நீங்க அறுக்கறீங்களா, நா அறுக்கட்டா?"

நைனா எழுந்தேவிட்டார். "இன்னா பேச்சு இது? அவருக்கு நெஞ்சது..."

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். எசமான் வரும்போது வேல செஞ்சிக்கினு இருக்கற ஆளுக்குத்தான் நல்லதுன்னு உபதேசியார் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அது உவமானமா, நெஜமா?"

நைனா கத்தியைப் பார்த்தார்.

"இப்ப வந்தார்னா இன்னா பாப்பாரு? இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் தறி ஓடிக்கினு இருக்குது. அவருக்குன்னு ஆயத்தமான வூட்ல மட்டும் ஆம்பள கால தொங்கப்போட்டுக்கினு ஒக்காந்துகினு இருக்காரு. பொண்ணு கொல்லையில அழுதுகினு இருக்கா. இதப் பாக்கவா அவர் மேகத்துல ஏறி அவ்ளோ தூரம் வர்றாரு?"

தெருவில் எதிர் வீட்டுத் தறி டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. நைனா அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அம்மா கையிலிருந்து கத்தியை வாங்கினார். கண்ணை மூடி ஏதோ சொன்னார். அறுக்கும்போது தறியில் ஒரு சாண் துணியை விட்டுவிட்டுத்தான் அறுப்போம், அடுத்த பாவை அதோடு இணைத்துத்தான் ஓட்டுவோம். அந்தத் தலைப்பில் கடைசிச் சாணை அப்படி விட்டு, அறுத்தார். விட்டதைத் தடவிக்கொண்டே, "இது அவருக்கு" என்றார்.

அறுத்ததை மடித்துக்கொண்டு அக்காவிடம் போனார். அவள் கையில் கொடுத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒசரம் செரியா இருக்குதா பாரு, கண்ணு."

சரியாக இருந்தது. அகலம், நீளம், கரை, தலைப்பு, ஒன்றும் பிசகவில்லை. நான் இத்தனை வருஷம் பட்டு விற்றவள், சொல்கிறேன்: ஆரணியில் எந்த நெசவாளியும் தெரியாமல் ஒரு புடவையை நெய்துவிட முடியாது. அம்மா அவரை ஏமாற்றினாள் என்றா நினைக்கிறீர்கள்? அவர் கை அறியும், வாய் ஒப்புக்கொள்ளாது. அதற்காக ஒரு வீட்டையே ஒரு மாதம் பட்டினி போட்டாரே, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அன்று மத்தியானமே சிவப்புப் பாவு ஏறியது. எங்கள் வீட்டுச் சத்தம் திரும்பி வந்தது. நைனா சுருதியில்லாமல் பாடினார். அடுத்த வருஷமும் சுண்ணாம்பு அடித்தார். நாற்காலி போட்டார். ஆனால் தறியை நிறுத்தவில்லை.

அந்தச் சிவப்புப் புடவையை அறுத்தபோது வெள்ளைச் சாணும் கூடவே வந்தது. அதைத் தனியாக வெட்டி பைபிளுக்குள் வைத்தார். நைனாவுக்கு அப்புறம் அம்மா வைத்திருந்தாள், அம்மாவுக்கு அப்புறம் நான் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அக்கா போன வருஷம் வருகைக் காலம் தொடங்கும் முன்னால் போய்விட்டாள். களம்பூரில். நீங்களெல்லாம் வேன் வைத்து வந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவள் படுக்கையில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொடவையக் கட்டித்தான் என்ன வைக்கணும். நீதான் கட்டி விடணும். இவளுங்களுக்குக் கொசுவம் வைக்கத் தெரியாது" என்றாள். மருமகள்கள் குறுக்கே பேசினார்கள். பழைய ஜரிகை, எவ்வளவு அருமையான வேலை, மண்ணில் போட்டால் பாவம், கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கலாம் என்றார்கள். அக்கா சிரித்தாள்.

"அது என் பொடவ இல்லடி. ஆண்டவருக்கு நெஞ்ச வேட்டி. அவர் வர்ற அன்னிக்கு நான் அதக் கட்டிக்கினுதான் எழுந்து நிக்கணும். நைனா கேப்பாரு."

அப்புறம் என்னைப் பார்த்து, "தலைப்புல ஒரு சாண் கொறையும். அது உன்கிட்ட கீது, ஞாபகம் வெச்சிக்க" என்றாள்.

செத்தும் எனக்கு வேலை வைத்துவிட்டுப் போனாள். புடவைப் பெட்டியைத் திறந்தால் மடிப்பெல்லாம் இற்று விட்டுப்போயிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி மடிக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பட்டுக்காரியின் அக்கா, கேட்டாளா? மூத்த மருமகள் விளக்கைப் பிடிக்க, விட்ட இடமெல்லாம் உள்பக்கம் வருகிற மாதிரி நான்தான் கொசுவம் வைத்தேன். ஊரில் எத்தனையோ மணப்பெண்களுக்குக் கட்டிவிட்ட கை இது. அவளுக்குக் கட்டியது போல யாருக்கும் கட்டவில்லை. திட்டிக்கொண்டேதான் கட்டினேன்.

போதகர் கேட்ட இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. அவர் வெட்டினால் வெட்டட்டும். எனக்கு எல்லார் மேலும் கோபம்தான். நைனா மேல், உபதேசியார் மேல், எங்களை இவ்வளவு காக்க வைக்கிறவர் மேலும். ஆனாலும் முதல் ஞாயிறு கடைச் சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. வாசலைப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதில்தான் உட்காருகிறான், சொன்னால் கேட்பதில்லை. தறிகள் ஓடுகின்றன. ஆண்டவர் வந்ததும் அக்காவின் தலைப்பைப் பார்த்து, மீதி ஒரு சாண் எங்கே என்று கேட்பார் அல்லவா?

வரட்டும். அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.